கோர்ட்டுக்கு எதிராக ஓர் ஓட்டு

வடசென்னையின் தேர்தல் வரலாற்றில் என்னை விடாமல் துரத்துவது 1971. வங்கிகளை இந்திரா அரசுடைமையாக்கிய சட்டத்தை 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டிசம்பரில் மன்னர் மானிய ஒழிப்பும் செல்லாது என்றது. அவர் நேராக மக்களிடம் போனார். தேவைப்பட்டால் அரசியல் சட்டத்தையே திருத்துவோம் என்றது தேர்தல் அறிக்கை. கூட்டணியில் இருந்த திமுகவின் நாஞ்சில் மனோகரன் வடசென்னையில் ஜெயித்தார். இந்திராவுக்கு 352 இடங்கள். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவருக்கு பேங்கும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. சொத்தைக் காக்கிற கோர்ட் அவருக்கு யாரோதானே? அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் விஷயம் சொத்தோடு நிற்கவில்லை. வங்கி வழக்கில் 10 நீதிபதிகளுக்கு எதிராக அரசின் பக்கம் நின்ற ஒரே ஆள் ஏ.என்.ரே. 1973இல் மூன்று மூத்தவர்களைத் தாண்டி அவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைந்தது. கட்சிக்காரர்கள் மிசாவில் சென்னை மத்திய சிறைக்குள் போனார்கள். அங்கே அடிபட்ட சிட்டிபாபு பிறகு இறந்தே போனார். ஏப்ரல் 28இல் ரே தலைமையிலான அமர்வு, நெருக்கடிநிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்றது.

கோர்ட்டைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்துகிறவர் நாளை நம்மைப் பிடித்து உள்ளே போட்டால் எந்தக் கதவைத் தட்டுவது? ஓட்டுப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.