தட்டில் ஏறிய மதுரைக் கோட்டை

வரவேற்பறைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க, பழைய நீலவண்ண இங்கிலீஷ் பீங்கான் தட்டுகளைத் தேடி அலைபவர்கள் நம் ஊரிலும் உண்டு. நீங்களும் அந்த ரகம் என்றால், ஒரு தட்டைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அதில் இருப்பது லண்டன் அல்ல... சாட்சாத் நம்ம மதுரை!

1786-ல் கல்கத்தா வந்திறங்கிய ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், 1792-ல் தென்னாட்டுப் பக்கம் வந்தார்கள். போன இடமெல்லாம் வரைந்து தள்ளினார்கள். 1795 முதல் 1808 வரை அவை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் லண்டனில் வெளிவந்தன. மொத்தம் 144 படங்கள்! வாங்க வசதி இருந்தது பெரும் பணக்காரர்களுக்கு மட்டும்தான்.

பீங்கான் ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லிவர்பூலின் ஹெர்குலேனியம் ஆலை, 'மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி' என்ற டேனியல் படத்தை அப்படியே 'சுட்டு', சாப்பாட்டுத் தட்டில் இறக்கிவிட்டது. 1842-ல் சட்டம் இறுகும்வரை இதையெல்லாம் தட்டிக் கேட்க ஆளில்லை.

எப்படி அச்சிட்டார்கள்? செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, நீல மை தடவி, மெல்லிய காகிதத்தில் ஒற்றி எடுப்பார்கள். அதைத் தட்டின்மேல் வைத்துத் தேய்த்தால் மை இடம் மாறும். காகிதத்தைக் கழுவிவிட்டு, கண்ணாடிப் பூச்சு கொடுத்து, மறுபடி சூளையில் வைக்க வேண்டியதுதான்.

தட்டு வாங்கும்போது ஓரத்துப் பூவேலையைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒட்டுப்போட்ட மாதிரி டிசைன் பொருந்தாமல் நிற்கிறதா? அது காகிதத்தின் இரு முனைகள் சேர்ந்த இடம். நல்ல அறிகுறி! பின்பக்கம் 'இங்கிலாந்து' என்று அச்சிட்டிருந்தால், அநேகமாக அது 1891-க்குப் பிற்பட்ட சரக்கு. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா அப்போதுதான் சட்டம் போட்டது.

சரி, அந்தக் கோட்டை என்ன ஆச்சு? 1834 முதல் 1847 வரை மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், 'ஊர் விரிய வேண்டும்' என்று மதிலை இடித்து, அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் இன்றும் வீதிப் பெயர்களாக வாழ்கிறார்கள். கோட்டையைத்தான் காணோம்!

லிவர்பூல் தொழிலாளி மதுரையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். மதுரைக்காரரோ அந்தத் தட்டைக் கண்டிருக்க மாட்டார். ஆகவே, பழைய தட்டு கையில் கிடைத்தால், விலையைக் கேட்பதற்கு முன் படத்தை உற்றுப் பாருங்கள். யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலோ இருந்துவிட்டு வந்த நம்ம ஊராக இருக்கலாம்!