குற்ற மானிடவியலும் குற்றப் பரம்பரைச் சட்டமும்

ஒரு சமூகம் எதைக் குற்றம் என்கிறது, யாரைக் குற்றவாளியாகக் கருதுகிறது என்பதை ஆராயும் துறை குற்ற மானிடவியல் ஆகும். சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்றும், மண்டையோடு, தாடை ஆகியவற்றின் அமைப்பால் அவர்களை அறியலாம் என்றும் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் இதனை மறுத்தன.

அதற்கு முன்பே, 1871-இல், இந்தியாவில் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. இங்கே அளவுகோல் மண்டையோடு அன்று, சாதி. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர்ஊராக விற்றுவந்த குறவர்களின் வணிகம், இரயில் பாதைகளால் நலிந்தது. பிழைப்பை இழந்து அலைந்தவர்களை அரசு குற்றப் பரம்பரையினர் எனப் பதிவு செய்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் உயிரிழந்தனர்.

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் சந்தேகம் நீங்கவில்லை. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு, 1993-இல், நகைத் திருட்டுச் சந்தேகத்தின்பேரில் குறவர் ஒருவர் கொண்டுசெல்லப்பட்டார். காவலர்களின் சித்திரவதையில் இறந்தார். அவர் தப்பியோடிவிட்டதாகக் காவல்துறை கூறியது. அவர் மனைவி, வழக்கறிஞர் சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். 2006-இல் காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். 2021-இல் வெளியான ‘ஜெய் பீம்’ திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியது.

குற்றம் செயலைச் சார்ந்தது, பிறப்பைச் சார்ந்தது அன்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.