மகா துவக்கு: கண்டியின் சுவர்த் துப்பாக்கி

2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து ஆறு பொருட்கள் இலங்கைக்குத் திரும்பி வந்தன. செய்திகளில் பெரிதாக அடிபட்டது லெவ்கே திசாவையின் பீரங்கி. தங்கம், வெள்ளி, மாணிக்கம் என்று பதித்த பீரங்கி, அடிபடாமல் என்ன செய்யும்? ஆனா அதே ஆறில் இரண்டு சுவர்த் துப்பாக்கிகளும் இருந்தன. சிங்களத்தில் 'மஹ துவக்குவ', அதாவது பெரிய துவக்கு. 1765இல் டச்சுக்காரர் கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது போனவை இவை.

சுவர்த் துப்பாக்கி என்றால் என்ன? தோளில் வைத்துச் சுட முடியாத அளவுக்குப் பெரிய குழாய். வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். சுட்டால் பின்னால் வரும் உதை ஆளைச் சாய்த்துவிடும். அதனால் மதிலிலோ தாங்கியிலோ ஊன்றித்தான் சுடுவார்கள். ஐரோப்பாவில் ஆரம்பத்தில் குழாயின் அடியில் ஒரு கொக்கி வைத்து அதை மதிலில் மாட்டினார்கள். ஜெர்மன்காரர் வைத்த பெயரே 'கொக்கித் துப்பாக்கி'.

கண்டிக்கு காலி மாதிரிக் கற்கோட்டை கிடையாது. மலையும் காடும்தான் மதில். அதுக்கு ஏற்ற ஆயுதம் 'கொடித்துவக்கு': முன்னால் கால் வைத்த சின்னப் பீரங்கி. ஒற்றையடிப் பாதையிலும் தூக்கிக்கொண்டு போகலாம், மேட்டில் வைத்துச் சுடலாம். அதைத் தூக்கியவர்களுக்கென்று அரசில் தனிப் பிரிவே இருந்தது. 'கொடிதுவக்கு' இன்றும் சிங்களவர் மத்தியில் குடும்பப் பெயர். கலஹா ரோட்டில் பேராதனைக்கு இறங்கினால், மகாவலிக்கு அந்தப்பக்கம் கன்னொறுவ. 1638இல் இரண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கீசரை முறியடித்த இடம்.

இது நம்ம கதையில்லை என்று ஒதுக்கவும் முடியாது. 1765இல் கொள்ளைபோன அரண்மனையில் இருந்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. அதே அரசன்தான் 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை அழைத்து பௌத்த சங்கத்தைத் தூக்கி நிறுத்தியவன். இவனை ஒரு இனத்தின் பெட்டிக்குள் அடைக்க யாராலும் முடியாது. 'துவக்கு' என்ற சொல்லும் அப்படித்தான். துருக்கியிலிருந்து கிளம்பிய சொல், தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவாகிவிட்டது.

அந்தத் துவக்கு செய்த கைகளுக்கு என்ன ஆச்சு? 1815இல் ராஜ்யம் போனது. 1818 கிளர்ச்சியை அடக்கியபின் பிரிட்டிஷார் துவக்குகளைப் பறித்தார்கள். 1916 சுடுகலச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் துவக்கு செய்வதே குற்றம். வாய்வழி மருந்து போடும் துவக்கு இன்றும் மலையகத்தில் கட்டுத்துவக்காக மிஞ்சியிருக்கிறது. பன்றிக்குக் கட்டியதில் கொழுந்து எடுக்கப் போன ஆளின் கால் போகிறது. ஒரு பெரிய கைவினையின் கடைசி மிச்சம் இது என்பதுதான் வருத்தம்.

அதனால் ஒரு யோசனை. மகா துவக்கின் மாதிரி ஒன்றைக் கண்டியிலேயே செய்யலாம். சுடாத மாதிரி, அனுமதியோடு, துளை அடைத்தது. இரும்புப் பட்டையைக் கம்பியில் சுற்றி, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டவைத்துக் குழாயாக்குவது எப்படி என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். சிங்களத் துவக்குக்கே உரிய, இடப்பக்கம் வைத்த விசையையும் தொட்டுப் பார்க்கட்டும். அசல் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கட்டும். செய்யும் அறிவுதான் இன்னும் ஊர் திரும்பவில்லை.