பேச்சிலர்

‘பேச்சிலர்களுக்கு வீடு இல்லை’ என்ற பலகையைச் சென்னைத் தெருக்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பழைய பிரெஞ்சு மொழியில் ‘பேச்சிலர்’ என்பதன் மூலச்சொல், போர்வீரனாகப் பயிற்சி பெறும் இளைஞனைக் குறித்தது. பிறகு பல்கலைக்கழகத்தின் முதல் பட்டத்துக்கும் பெயரானது. மணமாகாதவன் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அதற்கு ஈடாக நாம் சொல்லும் ‘பிரம்மச்சாரி’யும் இதே வழியில் வந்ததுதான். குருகுலத்தில் தங்கி வேதம் பயின்ற மாணவனே அதன் முதற்பொருள். கூடவே புலனடக்க நோன்பும் உண்டு. அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பையனுக்கு அது பொருந்தாது. பிரம்மச்சாரியைக் குறிக்க ‘மாணி’ என்றொரு பழஞ்சொல்லும் இருக்கிறது. ஆழ்வார்கள் வாமனனை அப்படித்தான் கொஞ்சினார்கள். மாணவன், மாணாக்கன் எல்லாம் அதற்கு உறவு. அழகான சொல்தான், ஆனால் அதிலும் நோன்பின் சாயல் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேரப் பொருந்தும் ‘மணமாகாதவர்’ என்பதையே நான் எழுதுவேன். அது உள்ளதை மட்டும் சொல்கிறது. யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோடுவதில்லை.