வாட் சம்பளத்துக்குப் போன வருடங்கள்

எட்டு வருடம் கம்பெனி வேலை, அப்புறம் மூன்று வருடம் இரண்டு லேத் போட்டுச் சொந்தப் பட்டறை, இப்போது மறுபடியும் கம்பெனி வேலை. "பட்டறையை மூடிட்டானாம்" என்று ஊரில் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். நாம் எல்லோரும் பரீட்சைக்காகப் படித்த ஜேம்ஸ் வாட்தான்.

கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்ற கதையை விட்டுவிடுங்கள். நியூகமன் செய்த எஞ்சின் 1712-லேயே ஓடிக்கொண்டிருந்தது. 1736-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த வாட், தொழிலால் கருவி செய்கிறவர். லண்டனில் ஒரே வருடம் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே பட்டறை போட்டார். அளவைக் கருவிகள்தான் தொழில். பிழைப்புக்குப் புல்லாங்குழல்கூடச் செய்திருக்கிறார். பல்கலைக்கழகத்தின் நியூகமன் எஞ்சின் மாடல் பழுது பார்க்க வந்தபோதுதான், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் சிலிண்டரையே சூடாக்கிக் குளிரவைப்பதில் நீராவி வீணாவதைக் கவனித்தார். 1765-ல் தனி கண்டென்சர் யோசனை, 1769-ல் பேடண்ட்.

நம் பாடப்புத்தகம் இங்கிருந்து நேராக 1776-க்குத் தாவிவிடும். நடுவில் ஏழு வருடம் மனுஷன் என்ன சாப்பிட்டார்?

பட்டறைக்குப் பணம் போட்ட கூட்டாளி 1765-லேயே இறந்துவிட்டார். கடன் கழுத்தை நெரித்தது. ரோபக் என்ற தொழிலதிபர் கடனை ஏற்றுக்கொண்டு, பேடண்டில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். ஆனால் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! வாட் சர்வே வேலைக்குப் போனார். மாங்க்லண்ட் கால்வாய் வெட்டும் வேலையை மேற்பார்வை பார்க்க வருடத்துக்கு 200 பவுன் சம்பளம். கூலிக் கணக்கும் பேரமும் அவருக்கு அறவே பிடிக்காத சங்கதிகள். எஞ்சினோ ரோபக்கின் வீட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்தது. ஆனாலும் கருவி செய்கிறவனின் கை சும்மா இருக்குமா? சர்வேயில் தூரம் அளக்க ஒரு மைக்ரோமீட்டர் செய்துகொண்டார். வேலை மாறியபோது தொழிலறிவும் கூடவே போயிற்று என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1773-ல் வடக்கே மலைநாட்டில் கால்வாய்ப் பாதை அளந்துகொண்டிருந்தபோது மனைவிக்கு ஆபத்து என்று செய்தி வந்தது. வீடு போய்ச் சேருமுன் அந்த அம்மாள் போய்விட்டார்.

அதே வருடம் ரோபக் நொடித்தார். தனக்கு வரவேண்டிய 1,200 பவுனுக்கு ஈடாக அவருடைய பேடண்ட் பங்கை பர்மிங்காம் போல்டன் எடுத்துக்கொண்டார். 1774-ல் வாட்டும் அங்கே குடிபெயர்ந்தார். சிலிண்டர் சரியான வட்டமாக அமையாததுதான் பழைய தலைவலி. வில்கின்சன் பீரங்கி குடைவதற்காகச் செய்த போரிங் மிஷின் அதைத் தீர்த்தது. 1775-ல் ரஷ்ய அரசு வருடம் 1,000 பவுன் தருவதாகக் கூப்பிட்டது. கால்வாய்ச் சம்பளத்தைப் போல ஐந்து மடங்கு! வாட் போகவில்லை. அந்த வருடம்தான் பார்லிமென்ட் பேடண்டை 1800 வரை நீட்டியிருந்தது. 200 பவுனுக்குப் போனவர் 1,000 பவுனை மறுத்தார். இரண்டுமே அந்தந்த நேரத்துக்குச் சரி என்றே நான் சொல்வேன்.

தம்பி தங்கைகளே, எல்லோரும் முதலாளியாகத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே கம்பெனியில் 1777-ல் சேர்ந்த வில்லியம் மர்டாக், சம்பளக்காரராக இருந்துகொண்டே 1784-ல் நீராவி வண்டி மாடல் ஓட்டினார். 1792-ல் ரெட்ரூத்தில் தன் வீட்டில் நிலக்கரி வாயு விளக்கு ஏற்றினார். அதற்குப் பேடண்ட் எடுக்கவில்லை. பங்குதாரரானது 1810-ல்தான். முப்பத்து மூன்று வருட சம்பளக்காரர்!

1800-ல் பேடண்ட் முடிந்தது. வாட் தொழிலிலிருந்து ஒதுங்கினார். ஆனால் வீட்டு மாடியில் ஒரு சின்னப் பட்டறை போட்டு, லேத், உளி, அரம் எல்லாம் வைத்துக்கொண்டு, சிற்பங்களை நகலெடுக்கும் மிஷின் ஒன்றைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். 1819-ல் இறந்தார். பட்டறையை அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள். 1924-ல் அந்த அறையைச் சாமான்களோடு பெயர்த்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.