கொழும்பிலிருந்து வந்த பாட்டு

மனசு சரியில்லை என்றால் நமக்கெல்லாம் ஒரே மருந்துதான். காதில் இயர்போனைச் சொருகி, ராஜாவையோ ரஹ்மானையோ ஓடவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொள்வது. பரீட்சையில் மார்க் குறைந்தாலும் அதுதான், நண்பன் பேசாமல் போனாலும் அதுதான். நம் தாத்தா பாட்டியும் அப்பா அம்மாவும் நம் வயதில் இருந்தபோது என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்ததுண்டா?

எங்கள் அரக்கோணத்துப் பெரியவர்கள் சிலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். புத்தகம் என்றார்கள், டென்ட் கொட்டாய் என்றார்கள். ஆனால் கேட்ட எல்லோருமே ஏதோ ஒரு இடத்தில் சொல்லி வைத்தாற்போல் "சிலோன் ரேடியோ" என்றார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வேறு! சென்னை எங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டர். எலக்ட்ரிக் டிரெயினில் போய்விடலாம். கொழும்பு நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 700 கிலோமீட்டர், நடுவில் கடல் வேறு. பக்கத்தில் இருக்கிற சென்னை வானொலியை விட்டுவிட்டு எதற்காகக் கடல் தாண்டிப் போனார்கள்? அதைத் தேடப் போனபோதுதான் இந்தக் கதை கிடைத்தது.

ஆரம்பித்து வைத்தவர் பி.வி. கேஸ்கர். 1952ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்தார், 1962 வரை இருந்தார். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. மேல்நாட்டு மெட்டுகளின் கலப்படம், இளைஞர்களின் ரசனையைக் கெடுக்கும் சரக்கு என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரத்தை வெட்டினார். ஒலிபரப்பிய கொஞ்சநஞ்சப் பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்றார்கள். சொன்னால் அது விளம்பரமாகிவிடுமாம். பாடகர் பெயர் மட்டும் போதுமாம். படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விளைவு, வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு கிட்டத்தட்டக் காணாமலே போனது.

கேஸ்கரை வெறும் வில்லனாக்கிவிட எனக்கு மனமில்லை. ராஜாக்களும் ஜமீன்தார்களும் ஒழிந்துபோன காலத்தில் சங்கீத வித்வான்களுக்குச் சோறு போட்டது வானொலிதான். சனிக்கிழமை இரவில் நாடு முழுக்கக் கேட்ட தேசிய சங்கீத நிகழ்ச்சி 1952ல் தொடங்கியது. சாஸ்திரிய சங்கீதம் எங்கள் பக்கத்துக்கு அந்நியமும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையைப் பாடியதே இங்கே 13 கிலோமீட்டரில் இருக்கிற திருத்தணி மலையில்தான் என்பது வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. ஆனால் ஒன்று. பதினைந்து வயதில் தலையணைக்குள் முகம் புதைத்து அழுகிற பிள்ளைக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்பதை டெல்லியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மந்திரி எப்படி முடிவு செய்ய முடியும்? அந்த இடத்தில்தான் மனுஷன் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார்.

நிற்க. இந்த நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் நம் ஊர் வரை வந்து சேரும் பலம் அதற்குக் கிடைத்தது இரண்டாம் உலகப் போரால். தென்கிழக்கு ஆசியாவில் போரிட்ட நேச நாட்டுப் படைகளுக்காக 'ரேடியோ சியாக்' என்று ஒரு நிலையம் இலங்கையிலிருந்து நடந்தது. வீட்டை விட்டு, ஊரை விட்டு வந்து காட்டில் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் சேதியும் போட்டு மனசைத் தேற்றுவதுதான் அதன் வேலை. அதற்காக ஏக்கல என்ற இடத்தில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். போர் முடிந்து படைகள் ஊர் திரும்பியபின் அந்தக் கருவிகள் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. 1950 செப்டம்பர் 30ல் வர்த்தக சேவை ஆரம்பம். விளம்பரம் வாங்கி, பாட்டுப் போட்டு, காசு பார்க்கும் சேவை. அதைக் கட்டி எழுப்பியவர் கிளிஃபர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர்.

ஆக, இங்கே 1952ல் கதவை மூடுகிறார்கள். அங்கே இரண்டு வருடம் முன்பே கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். அப்புறம் என்ன, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது! இந்திப் பக்கம் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' 1952 டிசம்பரில் தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே திருப்பி ஒலிபரப்பினார்கள். நம் பாட்டு கடல் தாண்டிப் போய், வேறொரு நாட்டின் முகவரியோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்தது. தெலுங்குக்கு மீனாட்சி பொன்னுத்துரை என்று ஒருவர் இருந்தார். ஆந்திரப் பக்கத்து வயசானவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்குக் காபி நிச்சயம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கம் இரண்டு பாஷையும் கலந்து புழங்கும் எல்லை. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1ல்தான் அது தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. நடுவில் ஆறரை வருடம் அரக்கோணம் ஒரு மாநிலம், பக்கத்து ஊர் இன்னொரு மாநிலம். யாருக்கு எந்த ஊர் என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே ஸ்டேஷனைத் திருகிக்கொண்டிருந்தார்கள்!

ரேடியோ கேட்பது அன்றைக்கு இப்போது போல் லேசான காரியம் இல்லை. பெரிய மரப்பெட்டி, உள்ளே வால்வு. ஸ்விட்சைப் போட்டால் வால்வு சூடாகும் வரை சத்தம் வராது. மாடியில் கம்பி வலை ஏரியல் கட்ட வேண்டும். தபாலாபீசில் வருடா வருடம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். இது 1980கள் வரை இருந்தது. எல்லா வீட்டிலும் ரேடியோ ஏது? டீக்கடை பெஞ்ச், பஞ்சாயத்து ரேடியோ, பக்கத்து வீட்டு ஜன்னல், இப்படித்தான் முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

சிற்றலை நேராக வருவதில்லை. வானத்தில் வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த மண்டலம் ஒரே மாதிரி நிலையாக இருக்காது என்பதால் சத்தம் ஏறும், இறங்கும், சில சமயம் ஒரேயடியாக அமுங்கிவிடும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா எங்கள் தெருவில் இருக்கிறார். சின்ன வயதில் அதைக் கடல் அலைச் சத்தம் என்றே நம்பிக்கொண்டிருந்தாராம். பாட்டு கடல் மேலே வருவதால் அலை அடிக்கிறது என்று தம்பிகளுக்கெல்லாம் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறார். எனக்கு அயனி மண்டலத்தைவிட இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது :-)

பாட்டு மட்டும் என்றால் இத்தனை வருஷம் கழித்து யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள். அறிவிப்பாளர்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். எஸ்.பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். நம் வானொலியில் பேசியவர்கள் சுத்தமாகப் பேசினார்கள், ஆனால் மேடையில் நின்று பேசினார்கள். கொழும்புக்காரர்கள் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து, கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து'. ராஜா பேசும் வேகத்தில் மூச்சு எங்கே விடுகிறார் என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாக இருந்ததாம்.

நேயர் விருப்பத்தை நாம் இன்று குறைத்து மதிப்பிடுகிறோம். ஒரு பாட்டுக்கு முன்னால் வரிசையாகப் பெயரும் ஊரும் வாசிப்பார்கள். வீட்டில் நாலாவது பிள்ளையாகப் பிறந்து, அப்பாவே பெயரைச் சரியாகச் சொல்லாத ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் தபால் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். ஒருநாள் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் அவன் பெயரை, அவன் ஊரோடு சேர்த்து, அழகான தமிழில் சொல்கிறது. அடுத்து வரும் பாட்டு அவனுக்காக. அந்த மூன்று நிமிஷத்துக்கு அவன் யாரோ ஒருவன்!

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிசு. வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்த காலம். கொட்டாய்க்குப் போக வேண்டும் என்றால் கூட நாலு பேர் வேண்டும். நூலகமா? 1948லேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, இந்தியாவிலேயே அதுபோல விரிவான சட்டம் அதுதான் முதல். எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு. ஆனால் சட்டம் நூலகம் வரைக்கும்தான் போகும், அந்தப் பெண்ணின் வீட்டு வாசற்படி தாண்டிவராது. அவளுக்குப் புத்தகம் என்றால் அண்ணன் வாங்கி வருகிற வாரப் பத்திரிகையின் தொடர்கதை. சினிமா என்றால் ரேடியோ ஒலிச்சித்திரம். முழுப் படத்தையும் வசனத்தையும் பாட்டையும் காதால் கேட்டு, முகங்களைத் தானே வரைந்துகொள்ள வேண்டியதுதான். அடுப்பங்கரையில் கைவேலை நடக்க, மனசு மட்டும் வெளியே போய்விட்டு வர அந்த ஒரு பெட்டிதான் வழி.

டெல்லிக்கு விஷயம் புரிய ஐந்து வருஷம் ஆனது. 1957 அக்டோபர் 3ல் விவித பாரதியைத் தொடங்கினார்கள். பம்பாய், சென்னை என்று இரண்டு ஊர்களின் சிற்றலை ஒலிபரப்பிகள் வழியாகச் சினிமாப் பாட்டு திரும்பி வந்தது. அமைச்சர் அதே கேஸ்கர்தான்! வேடிக்கை என்னவென்றால் இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. பிபிசி பாப் பாட்டுக்கு முகம் சுளித்தது, பிள்ளைகள் ராத்திரியில் லக்சம்பர்க் வானொலியைத் திருகினார்கள். 1964ல் கடலில் கப்பலை நிறுத்தி 'ரேடியோ கரோலின்' என்று பாட்டுப் போட ஆரம்பித்தார்கள். 1967ல் சட்டம் போட்டு அந்த மாதிரிக் கப்பல்களை அடக்கிய கையோடு பிபிசியே ரேடியோ 1 என்று பாப் பாட்டுக்கு ஒரு சேவை திறந்தது. பெரியவர்கள் பூட்டுவதும், பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் போவதும், கடைசியில் பெரியவர்களே வந்து கதவைத் திறப்பதும் எல்லா ஊரிலும் உள்ளதுதான் போல.

விவித பாரதி வந்த பிறகும் இங்கே சிலோனை யாரும் விடவில்லை. 1970கள் வரை அது ஓஹோ என்று ஓடியது. இதுவரை சந்தோஷமான கதை. இனிமேல் அப்படி இல்லை.

நமக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குரல்களின் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1956ல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம். 1958ல் கலவரம். 1964ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு பிரதமர்கள் பேசி முடித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கப்பலேறி, பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு' வந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பிள்ளைகள் இங்கே ஏதோ ஒரு டீக்கடையில் நின்று கொழும்பு வானொலியைக் கேட்டபோது, நமக்கு வெளிநாடாக இருந்த குரல் அவர்களுக்கு வீடாக அல்லவா இருந்திருக்கும்?

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. புத்தகத்தில் ஒளிந்துகொள்ளப் பழகிய ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ராத்திரியில் ஒளிய இடம் இல்லாமல் போனது. 1983 ஜூலையில் கொழும்பிலேயே தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். நம் வீடுகளில் டேப் ரெக்கார்டரும் டிவியும் வந்துகொண்டிருந்த நேரம் அது. கேட்பவர்களும் குறைந்தார்கள், அங்கே பேசியவர்களும் சிதறினார்கள். 1989ல் கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். மூச்சு எங்கே விடுகிறார் என்று பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்தார்களே, அந்த ராஜாதான்.

இதை அந்த ரயில்வே தாத்தாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. டிவி வந்ததும் சிலோனைத் திருகுவதை நிறுத்திவிட்டாராம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நாங்க லெட்டர் போட்டோம் தம்பி, பாட்டு வேணும்னு மட்டும்தான் போட்டோம்" என்றார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுக் கேட்கிற பிள்ளை வேறு என்னதான் எழுதும்?

அந்தக் குரல்களில் ஒன்று மட்டும் பிறகு முகத்தோடு நம் வீட்டுக்கு வந்தது. கொழும்பில் அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' 1990களில் சன் டிவிக்கு வந்தது, நடத்தியவரும் அவரேதான். முதல்முறை பார்த்தபோது எங்கள் அம்மா சமையல்கட்டில் இருந்தாராம். டிவியில் யார் என்று பார்க்கவில்லை, குரலை மட்டும் கேட்டுவிட்டுக் கரண்டியோடு ஓடிவந்து, "இவர்தானா அவர்! நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்" என்று நின்றுகொண்டே முழு நிகழ்ச்சியும் பார்த்திருக்கிறார். எந்த மாதிரி நினைத்திருந்தாய் அம்மா என்று எத்தனை முறை கேட்டாலும் சொல்லமாட்டேன் என்கிறார்.