தண்டவாளமா, தரிசனமா? டி.ஜி.எஸ். தினகரன் சாட்சியின் இரு தொடக்கங்கள்

டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008) தம் வாழ்க்கையைப் பற்றி மேடைகளில் சொல்லிவந்த சாட்சிக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. முதலாவது 1955ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாழ வழி தெரியாத விரக்தியில் ஓர் இளைஞர் ரயில் முன் விழுந்து உயிரை விடப் புறப்படுகிறார். எதிர்ப்பட்ட உறவினர் ஒருவர் அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். அவர் வீடு திரும்புகிறார். இரண்டாவது 1962ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே மனிதர் இப்போது வங்கி ஊழியர், மனைவி மக்களோடு வாழ்பவர். கிறிஸ்துவை நேரில் தரிசித்ததாகவும், அந்தத் தரிசனத்திலேயே ஊழிய அழைப்பைப் பெற்றதாகவும் சொல்கிறார்.

தமிழகத்தின் பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் இயக்கங்களை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார் இவற்றுள் இரண்டாவதையே அச்சாணியாகக் கொண்டனர். அவர்கள் வாசிப்பில் 1962 அதிகாரத்தின் ஊற்றுக்கண். 1955 அதற்கு முன்னுரை மட்டுமே. தரிசனம் கண்டவர் வரம் பெற்றவர். வரம் பெற்றவரைத் தேடிக் கூட்டம் வருகிறது. வந்தவர்கள் குணமானதாகச் சொல்லும் சாட்சிகள் அந்த வரத்துக்கான சான்றுச் சீட்டுகள். இந்த வாசிப்பு ஒழுங்கானது, உள்முரண் இல்லாதது. ஆனால் தினகரன் நிறுவிய ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியத்தைச் சுற்றி வளர்ந்த ஜெபச் சமூகத்தில் சாட்சி உண்மையில் என்ன வேலை செய்தது என்பதை இது விளக்கவில்லை என்பதே என் வாதம். அந்தச் சமூகத்தின் சாட்சி மரபு 1955இன் வார்ப்பில் அமைந்தது, 1962இன் வார்ப்பில் அல்ல.

ஓர் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல பத்தாண்டுகள் மேடையிலும் அச்சிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதையில் நடந்தது எது, சொல்லிச் சொல்லி உருண்டது எது என்று பிரிக்க இயலாது. அது என் நோக்கமும் அல்ல. கேட்டவர்கள் இந்தக் கதையின் எந்தப் பகுதியைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது மட்டுமே இங்கே கேள்வி.

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ நடக்கும் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தின் சாட்சி நேரத்தை எடுத்துக்கொள்வோம். எழுந்து நிற்பவர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, இந்த நேரத்தைத் தந்த கிருபைக்கு நன்றி சொல்லித் தொடங்குவார். பிறகு குறை வரும்: கட்ட முடியாத கடன், கைநழுவிப் போன வேலை, கணவரின் குடி, பிள்ளைக்குக் கிடைக்காத கல்லூரி இடம், பல ஆண்டாகியும் குழந்தை இல்லாமை. இந்தப் பகுதிதான் நீளமானது. தொகை, தேதி, மருத்துவர் சொன்ன வார்த்தை, வீட்டுக்காரர் கெடு வைத்த நாள் எல்லாம் இதில் துல்லியமாக வரும். அடுத்து ஒருவர் வருவார். பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் சகோதரர், தொலைபேசியில் ஜெபித்த முகம் தெரியாத ஒருவர் என்று யாராகவும் அவர் இருக்கலாம். அவர் சொன்ன ஒரு வசனம், செய்த ஒரு ஜெபம். விடுதலை அதற்குப் பின் இரண்டொரு வாக்கியங்களில் முடிந்துவிடும். கடைசியில், ‘இன்னும் இந்தக் காரியத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லித்தான் அவர் உட்காருவார்.

இந்த அமைப்பில் தரிசனம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எங்கும் இல்லை. அவமானத்தை வெளியே சொல்லும் துணிவும், இடையில் வந்து பேசிய ஒரு மனிதரும், இன்னும் முடியாத ஒரு தேவையும்தான் இருக்கின்றன. இவற்றுள் முதலிரண்டும் 1955 கதையின் உறுப்புகளே. தண்டவாளத்தை நோக்கி நடந்தவரை ஒளியோ குரலோ நிறுத்தவில்லை. ஓர் உறவினர் நிறுத்தினார். மூன்றாவது உறுப்பான முடியாத தேவைக்குப் பின்னர் வருகிறேன்.

முந்தைய ஆய்வுகள் இதைத் தவறவிட்டதற்குச் சான்று வகையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அவை பெரும்பாலும் மாத இதழ்களில் அச்சான சாட்சிகளையே நம்பின. அச்சில் சாட்சி சுருங்குகிறது. பெயர், ஊர், புகைப்படம், நோய், நன்றி என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. குறையின் நீளம் வெட்டுப்படுகிறது. இறுதி வேண்டுகோள் பல வேளைகளில் உதிர்ந்துபோகிறது. மீந்து நிற்பது அற்புதம் மட்டும். அதைப் படிப்பவருக்கு அது சான்றுச் சீட்டாகத் தெரிவதில் வியப்பில்லை. கூட்டத்தில் கேட்டவருக்கு அது தேவையைப் பகிரும் பேச்சு. ஒரே சாட்சிதான்; ஆனால் ஊடகம் மாறினால் அதன் எடை எங்கே விழுகிறது என்பதும் மாறுகிறது.

இந்த மாற்றம் புதிதல்ல. பவுலின் மனமாற்றம் அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று முறை சொல்லப்படுகிறது: 9, 22, 26ஆம் அதிகாரங்களில். முதல் இரண்டிலும் தமஸ்குவில் அனனியா என்ற சாதாரணச் சீஷன் வந்து, பார்வை இழந்து கிடந்தவரைச் ‘சகோதரன்’ என்று அழைக்கிறான். அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசும் 26ஆம் அதிகாரத்தில் அனனியா இல்லை. அரசவையில் தம் அழைப்பை நிறுவ வேண்டிய இடத்தில் தரிசனம் நிரம்பி நிற்கிறது. இடையில் வந்த மனிதன் மறைந்துவிடுகிறான். தினகரன் சாட்சியை 1962இலிருந்து வாசிப்பவர்கள் 26ஆம் அதிகாரத்தை மட்டும் கையில் வைத்திருக்கிறார்கள். ஜெபச் சமூகம் அதை அனனியாவோடு சேர்த்தே கேட்டது.

இதற்கு வலுவான ஆதாரம் ஒரு கட்டடம். சென்னையின் கிரீன்வேஸ் சாலையில், இன்று தினகரன் பெயரையே தாங்கும் அந்தச் சாலையில், 1983இல் அவருடைய ஊழியம் தொடங்கிய ஜெப கோபுரம் அது. அமெரிக்காவின் டல்சாவில் சுவிசேஷகர் ஓரல் ராபர்ட்ஸ் 1967இல் எழுப்பிய ஜெப கோபுரம் அதற்கு முன்மாதிரியாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. பெயரும் முறையும் கடல் கடந்து வந்திருக்கலாம். ஆனால் உள்ளே நடந்தது என்ன? இரவு பகல் பாராமல் தொலைபேசி ஒலிக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் எடுக்கிறார், கேட்கிறார், ஜெபிக்கிறார். அழைத்தவர் நிறுவனரோடு பேசவில்லை, தரிசனம் கண்டவரோடும் பேசவில்லை. 1955இல் அந்த உறவினர் நின்ற இடத்தில்தான் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் நிற்கிறார். ஒரு முறை ஓர் இளைஞருக்குத் தற்செயலாக வாய்த்தது, யாருக்கும் எந்நேரமும் வாய்க்கும்படி ஓர் ஏற்பாடாக ஆக்கப்பட்டது என்றே இதை வாசிக்கிறேன். 1962தான் மையம் என்றால், மக்கள் தரிசித்தவரின் கைக்காகக் காத்திருக்கும் அமைப்பே போதுமானது. அப்படிப்பட்ட பெருங்கூட்டங்களும் இருந்தன, உண்மை. ஆனால் அந்தக் கூட்டங்கள் முடிந்த பிறகும் அன்றாடம் இயங்கியது இந்தத் தொலைபேசிதான்.

இடையில் வந்து பேசும் மனிதர் என்ற உறுப்பு தினகரனோடு தொடங்கியதும் அல்ல. அவர் பிறந்த சுரண்டையை உள்ளடக்கிய திருநெல்வேலிச் சீமையில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மனமாற்றத்தில் நண்பர் தனகோடி ராஜுவுக்கு இருந்த பங்கு நன்கு அறியப்பட்டது. வைணவப் புலமையில் ஊறிய கிருஷ்ணபிள்ளையும் நண்பரோடு நடந்த உரையாடலின் வழியேதான் கிறிஸ்துவிடம் வந்தார். தெற்கிலிருந்து வேலை தேடிச் சென்னை வந்து, வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அமர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த மரபையும் உடன் கொண்டுவந்தன. ஆகவே இந்தச் சாட்சி மரபை இறக்குமதி என்று சொல்வது, கூரையைப் பார்த்துவிட்டு அஸ்திவாரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதாகும்.

சென்னைக்குள்ளேயே ஒரு வேறுபாட்டையும் காட்டலாம். பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தில், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை, நேர்ச்சை செலுத்த வருவோரில் எல்லா மதத்தினரும் உண்டு. அங்கே மெழுகுவர்த்தியும் காணிக்கைப் பொருளும் பேசுகின்றன. மனிதர் பெரும்பாலும் மௌனமாக வந்து போகிறார். ஜெபக் கூட்டத்திலோ வாய் திறந்து, பலர் முன்னால், தன் பெயரில் சொல்ல வேண்டும். நேர்ச்சை கடனைத் தீர்க்கிறது. சாட்சி கடைசி வேண்டுகோளால் ஒரு புதிய உறவைத் திறந்து வைக்கிறது.

இனி அந்த மூன்றாவது உறுப்பு. சாட்சி என்பது அற்புதத்துக்கான சான்று மட்டுமே என்றால், விடை கிடைக்காத ஜெபத்துக்கு அதில் இடமிருக்காது. 1986இல் தினகரனின் மகள் ஏஞ்சல் சாலை விபத்தில் இறந்தார். எண்ணற்றோருக்காக ஜெபித்தவரின் வீட்டில் நேர்ந்த மரணம் அது. சான்றுச் சீட்டுக் கோட்பாட்டின்படி அது மறைக்கப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது மேடையில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. தினகரனும் அவர் மனைவியும் அந்தத் துயரத்தையும், அதிலிருந்து மீண்டெழப் பட்ட பாட்டையும் கூட்டங்களில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே ஆண்டு கோவையில் தினகரன் தொடங்கிய காருண்யா கல்லூரியை இழப்புக்கான ஈடாகக் காட்டிக் கதையை வெற்றியில் முடிக்கப் பார்க்கும் வாசிப்பும் உண்டு. அது ஒப்புக்கொள்ளத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி மகளுக்கு ஈடாகாது என்பது அந்தக் கூட்டங்களில் இருந்த ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். பிள்ளையை இழந்த பெற்றோர், மேடையில் நின்றவரையும் தம்மில் ஒருவராக அந்தச் சாட்சியின் வழியே அடையாளம் கண்டார்கள். குறை தீர்ந்தபின் சொல்வது மட்டுமல்ல, குறையோடு நின்றபடி சொல்வதும் சாட்சிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இந்த மரபில் இல்லை.

பணத்தைப் பற்றிய கேள்வி எழும். பெற்றோர் காணிக்கை செலுத்திப் பிள்ளைகளைச் சேர்க்கும் ‘இளம் பங்காளர்’ போன்ற திட்டங்களும் காணிக்கையும் சாட்சியோடு பின்னிக் கிடப்பதைச் சுட்டி, எல்லாம் செழிப்பு உபதேசம் என்று முடிப்பவர்கள் உண்டு. நிறுவனத்தின் நிதி வரலாறு தனி ஆய்வுக்கு உரியது. ஆனால் வாடகை கட்ட முடியாமல் எழுந்து நின்று அழுத பெண் ஏன் அழுதார் என்பதை அது சொல்லாது. சாட்சிகளின் உண்மையைச் சரிபார்க்க முடியாது என்ற ஆட்சேபமும் இங்கே பொருந்தாது. நான் கேட்பது கதையின் வடிவத்தை. மருத்துவ அறிக்கையை அல்ல.

1962ஐ ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊழியத்தின் அதிகாரம், அது குடும்ப வழியில் தொடர்ந்தது, மேடையின் அமைப்பு ஆகியவற்றை விளக்கத் தரிசனம் தேவை. ஆனால் தலைமையை ஆராய்வது வேறு, சமூகத்தை ஆராய்வது வேறு. இரண்டுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்தியதுதான் பிழை.

இந்த வாதத்தை மறுக்கவோ உறுதிப்படுத்தவோ தேவையான சான்று அச்சிதழ்களில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. 1980களில் ஜெப கோபுரத்தின் தொலைபேசிகளில் அமர்ந்தவர்களும், மந்தைவெளி, தி.நகர், அடையாறு வீடுகளில் ஜெபக் கூட்டங்களை நடத்திய பெண்களும் முதுமையில் இருக்கிறார்கள். இவர்களுடைய பேச்சை முழு நீளத்தில், குறையின் விவரத்தையும் கடைசி வேண்டுகோளையும் வெட்டாமல், பதிவு செய்யும் பணியைத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அக்கறையுள்ள பல்கலைக்கழகத் துறைகளும் இறையியல் கல்லூரிகளும் உடனே தொடங்க வேண்டும்.